வீட்டு டின் தைலம்

பிரான்ஸ்
12 ஏப்ரல் 2025

சஜ்ஜாத் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் சத்தம் போடக் கூடாது, சண்டை போட வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள் என்று அம்மா உத்தரவு போட்டுவிட்டார். நீங்களும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். ஆகவே மெயிலில் எழுதுகிறேன். இதில் எனக்கு ஒரு வசதி. பாதிப் பேச்சில் "கஸ்டமர் நிக்கிறாங்க, வையி" என்று உங்களால் வைத்துவிட முடியாது.

நீங்கள் அனுப்பிய யூக்கலிப்டஸ் தைலத்தில் கலப்படம் இருக்கிறது.

இதைத்தான் அன்று போனில் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் கத்தினீர்கள், நான் கத்தினேன், பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. "டூரிஸ்ட் குழந்தை" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். என் ஒரு வருட வேலையை விட டூரிஸ்ட் குழந்தை உங்களுக்குப் பெரிதாகப் போயிற்று.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. பஜாரில் யாராவது கேட்டால் "அணுகுண்டு பக்கம்" என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். குண்டும் இல்லை ஒன்றும் இல்லை. பாட்டிலில் இருக்கிற தைலம் பார்ப்பதற்கு அசையாமல் இருக்கும். உள்ளே ஒவ்வொரு மூலக்கூறும் சந்தைக் கூட்டத்தில் மாட்டியவர்கள் மாதிரி இடித்துத் தள்ளி நகர்ந்துகொண்டே இருக்கிறது. நாங்கள் அதற்குள் அணு உலையிலிருந்து வரும் நியூட்ரான்களை அனுப்புகிறோம். அவை மூலக்கூறில் இருக்கும் ஹைட்ரஜன் மேல் மோதிச் சிதறி வெளியே வருகின்றன. வரும்போது அவற்றின் வேகம் கொஞ்சம் கூடியிருக்கும், அல்லது குறைந்திருக்கும். அந்த மாற்றத்தைக் கோடாகப் போட்டால், அகலமாக வந்தால் மூலக்கூறு வேகமாக ஓடுகிறது, குறுகலாக வந்தால் மெதுவாக நகர்கிறது என்று பொருள். தைலம் தோலின் கொழுப்புக்குள் எப்படிப் புகுந்து போகிறது என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி.

இதற்காக என் தோழி ஒருத்தி பல மாதம் உட்கார்ந்து தோல் கொழுப்பைத் தனியாகத் தயாரித்தாள். அதில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் கன ஹைட்ரஜன் இருக்கும். அது நியூட்ரான் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. கொழுப்பு மறைந்துவிடும், தைலம் மட்டும் தெரியும். அவ்வளவு அருமையான ஏற்பாடு. முதலில் தைலத்தை மட்டும் வைத்துப் பார்த்தேன். ஒரு கோடு வர வேண்டிய இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வந்தன. ஒன்று ஓடுகிறது. இன்னொன்று கனமாக, சோம்பலாக, நகரவே மனமில்லாமல் நகர்கிறது. உங்கள் பாட்டிலுக்குள் தைலத்தோடு வேறு ஏதோ இருக்கிறது. கொழுப்போடு சேர்த்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லாமல் போயிற்று. எனக்கென்று ஒதுக்கிய நாட்கள் முடிந்துவிட்டன. இந்தக் கருவிக்கு உலகம் முழுவதும் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

கடைசியில் மிச்சமிருந்ததில் ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டேன். அத்தா கடை வாசலில் நின்று கஸ்டமர்களுக்குச் செய்து காட்டுவாரே, அதே சோதனை. சுத்தமான தைலம் என்றால் பறந்துவிடும், காகிதம் காகிதமாகவே இருக்கும். கறை அப்படியே நிற்கிறது. அந்தக் காகிதம் என் மேஜையில்தான் இருக்கிறது.

"இதை முதலிலேயே ஏன் செய்து பார்க்கவில்லை?" என்று என் பேராசிரியர் எல்லோர் முன்னாலும் கேட்டார். மற்ற எல்லா மாதிரிகளையும் சோதித்தேன். கம்பெனி சான்றிதழோடு வந்ததைக்கூட விடவில்லை. உங்கள் பாட்டிலை மட்டும் சோதிக்கவில்லை. "அது என் அத்தா கடைத் தைலம்" என்று பதில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மே மாதக் கடைசிக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். மாதிரி எங்கிருந்து வந்தது, ஏன் கெட்டது என்று எழுத வேண்டும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். விண்ணப்பத்திலேயே "சம்சுல் ஆலம் தைலக் கடை, கொடைக்கானல்" என்று பெருமையாக எழுதித் தொலைத்திருக்கிறேன். என்ன கலந்தீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள். அதுவாவது மிஞ்சட்டும்.

சாஹிரா


கொடைக்கானல்
15 ஏப்ரல் 2025

சாஹிராவுக்கு,

வஅலைக்கும் ஸலாம்.

"நீங்கள்", "அனுப்பினீர்கள்", "கத்தினீர்கள்". எப்போதிருந்து இந்த மரியாதை? ஸ்கேலால் என் மண்டையை உடைத்த அன்றைக்கும் என்னை நீ என்றுதான் சொன்னாய். இந்த மரியாதைக்கு நீ செருப்பைக் கழற்றியிருக்கலாம்.

என்ன கலந்தேன் என்று கேட்கிறாய். கலந்தாயா என்று கூடக் கேட்கவில்லை. தீர்ப்பு எழுதிவிட்டு விசாரணை நடத்துகிறாய்.

நன்றாகக் கேட்டுக்கொள். உனக்கு அனுப்பியது கடை அலமாரியில் இருக்கும் சரக்கு இல்லை. வீட்டு டின்னிலிருந்து ஊற்றியது. ஒவ்வொரு தடவையும் பூண்டியில் சேனாதிபதி அண்ணன் காய்ச்சி அனுப்புவதில் முதல் தைலம் மாடியில் இருக்கும் வீட்டுக்குப் போகும், அதில் ஒரு சொட்டுகூடக் கடைக்கு இறங்காது என்பது அத்தா வைத்த வழக்கம். அது உனக்கும் தெரியும். தங்கச்சி பிரான்ஸில் பெரிய மெஷினில் வைக்கப் போகிறாளே, விற்கிற சரக்கைக் கொடுக்கலாமா என்று, வெள்ளனே எழுந்து என் கையாலேயே ஊற்றினேன். மதுரையில் கூரியர்காரன் எரிகிற பொருள் எடுக்க மாட்டேன் என்றான். பேப்பருக்கு மேல் பேப்பர் கொடுத்து, அவனிடம் கெஞ்சி, சண்டை போட்டு அனுப்பினேன். அதற்குக் கிடைத்த பரிசு கலப்படக்காரன் பட்டம்.

அந்த நேரத்தில் நான் மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் எத்தனை தடவை அலைந்துகொண்டிருந்தேன் தெரியுமா? சோலி இருந்தது. என்ன சோலி என்று ஒரு வார்த்தை கேட்டாயா? இந்த ஒரு வருடத்தில் நீ அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் நேற்று உட்கார்ந்து மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். தைலம் எப்போது வரும், தைலத்தை வெயிலில் வைக்காதே, தைலத்துக்கு பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், தைலம் கிளம்பியதா. அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று இல்லை. உன் மதினி எப்படி இருக்கிறாள் என்று இல்லை. தைலம் விற்கிறவன் நான். என்னை விட அதிகமாக நீதான் தைலம் தைலம் என்கிறாய்.

உன் மெஷின் கெட்டுப்போயிருக்கும். இல்லை, நீ அதைச் சரியாக ஓட்டத் தெரியாமல் ஓட்டியிருப்பாய். அப்படியும் இல்லை, தப்பு தைலத்தில்தான் என்றால் அது பூண்டியில் நடந்திருக்கும். நான் போய்ப் பார்க்கிறேன். சீசன் ஆரம்பித்துவிட்டது, ஜீப் கிடைப்பது பெரும்பாடு. இருந்தாலும் போகிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அத்தா மௌத்தாகி, அவரை அடக்கம் செய்து மூன்று வருடம்தான் ஆகிறது. போர்டில் அவர் பெயர். அந்தப் பெயரைக் கலப்படம் என்கிற வார்த்தையோடு சேர்த்து நீ எங்கேயும் எழுதக் கூடாது.

சஜ்ஜாத்


பிரான்ஸ்
19 ஏப்ரல் 2025

அண்ணனுக்கு,

மெஷின் கெடவில்லை. உன் தைலத்துக்கு முன்னால் கெமிக்கல் கம்பெனியிலிருந்து வந்த சுத்தமான சினியோலை அதில்தான் பார்த்தேன். சினியோல் என்பதுதான் யூக்கலிப்டஸ் தைலத்தில் பெரும்பகுதி, நம் வீடு பூரா மணக்கிறதே அந்த மணம். அது ஒழுங்காக ஒரே கோடாக வந்தது. அடுத்து உன்னுடையதை வைத்தால் இரண்டு. மெஷினுக்கு உன் மேல் தனி விரோதம் ஒன்றும் இல்லை.

மெதுவாக நகர்வது ஏதோ பெரிய மூலக்கூறு. கறையும் நிற்கிறது என்றால் அது சமையல் எண்ணெய் வகை. யாரோ ஊற்றாமல் அது தானாக உள்ளே போகாது. வீட்டு டின் என்கிறாய். நம்புகிறேன் என்று வைத்துக்கொள். அப்படியென்றால் வீட்டு டின்னிலேயே கலப்படம். அது இன்னும் கேவலம் இல்லையா?

உன் கடிதத்தில் என்னைச் சுட்ட இடம் வேறு. மதினி எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லையாம். கேட்காமலா இருந்தேன்? முதல் தடவை கரு தங்காமல் போனபோது போன் போட்டு அழுதேன். இரண்டாவது தடவை, இது விதி இல்லை, மதுரையில் நல்ல டாக்டரைப் பார்த்தால் காரணம் தெரியும், இன்னின்ன டெஸ்ட் எடுங்கள் என்று விவரமாக எழுதினேன். மருத்துவக் கட்டுரைகளையெல்லாம் படித்து, தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதினேன். அதற்கு மதினி உம்மு ஹபீபா என்ன செய்தாள்? என்னோடு பேசுவதையே நிறுத்தினாள். பெருநாள் அன்று அம்மாவிடம் பேசினேன். வீடியோவில் வாருங்கள், எல்லோரையும் பார்க்கிறேன் என்றால் நெட் சரியில்லை என்றீர்கள். கொடைக்கானலில் லேக்கைச் சுற்றி ஒவ்வொரு டூரிஸ்ட்டும் வீடியோ போடுகிறான், நம் வீட்டில் மட்டும் நெட் சரியில்லை. கதவைச் சாத்திவிட்டு ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

அறிக்கையில் மாதிரி வந்த இடத்தை எழுதித்தான் ஆக வேண்டும். பொய் எழுத மாட்டேன். அத்தா என்னைப் பொய் எழுதுவதற்காகப் படிக்க வைக்கவில்லை.

பூண்டிக்குப் போனால் பதமாகப் பேசு. உன் வாய் எனக்குத் தெரியும்.

சாஹிரா


கொடைக்கானல்
28 ஏப்ரல் 2025

சாஹிராவுக்கு,

பூண்டிக்குப் போனேன். பதமாகத்தான் ஆரம்பித்தேன்.

சேனாதிபதி அண்ணன் அடுப்புக்குத் தழை தள்ளிக்கொண்டிருந்தார். டீ கொடுத்தார். பூண்டு விலை, காட்டு மாடு வந்து கேரட்டை மிதித்தது எல்லாம் பேசினோம். பிறகு உன் கடிதத்தை எடுத்து, பிரான்ஸில் பெரிய மெஷினில் பார்த்தார்களாம், தைலத்தில் சமையல் எண்ணெய் இருக்கிறதாம் என்று சொன்னேன். அவர் கையிலிருந்த கவைக்குச்சியைக் கீழே போட்டார்.

"ஏலே சஜ்ஜாத்து, நானா எண்ணெ ஊத்துனேன்? ஒங்க அத்தா இந்த அடுப்பு முன்னாடி ஒக்காந்து மொதச் சொட்டக் கையில தேச்சு மோந்து பாப்பாரு. ஒரு நாளு ஒரு வார்த்த சொன்னதில்ல மனுசன். அவரு இருந்தா இந்தப் பேச்சுக்கு ஒன்னய அடிச்சிருப்பாரு. எந்திரி. டீய வச்சிட்டு எந்திரி. இனி ஒங் கடைக்கு இங்கருந்து தைலம் வராது."

நானும் விடவில்லை. என் வாய் உனக்குத் தெரியும் என்றாயே, அதே வாய்தான். அவர் சம்சாரம் பாப்பம்மாள் நடுவில் வந்து நின்றிருக்காவிட்டால் கைகலப்பாகியிருக்கும். திரும்பி வர ஜீப் இல்லை. கேரட் லாரியில் மூட்டை மேல் உட்கார்ந்து வந்தேன்.

இப்போது நிலைமை இது. ஏப்ரல் கடைசி, சீசன். கோக்கர்ஸ் வாக் வரைக்கும் கார் நிற்கிறது. தைலக் கடையில் தைலம் இல்லை. சாக்லேட்டும் ஸ்வெட்டரும் விற்கிறேன். எதிர்க்கடை பொன்னுவேல் வாசலில் நின்று, "என்ன பாய், சரக்கு வரலியா?" என்று தினமும் விசாரிக்கிறான். பூண்டியில் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியும், பஜாரில் எல்லோருக்கும் தெரியும். நீ அறிக்கை எழுதவே வேண்டாம். பாதி வேலையை நானே முடித்துவிட்டேன், உன் பேச்சைக் கேட்டு.

உன் மதினி விஷயம். நீ எழுதியது எல்லாம் சரி. டாக்டர், டெஸ்ட், காரணம், எல்லாம் சரி. ஆனால் எப்போது எழுதினாய்? ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு. பாயில் படுத்துக்கொண்டு அவள் அதைப் படித்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை டெஸ்ட்டின் பெயர்கள். "ஒங்க தங்கச்சிக்கு நான் ஒரு பாட்டில் போலங்க" என்றாள். அதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? நீயே சொல், படித்தவள் அல்லவா?

கடைசியாகச் சொல்கிறேன். அத்தா பெயரைக் கலப்படக்காரர் என்று உலகம் படிக்கும்படி எழுதினால், அந்த அறிக்கையோடு நம் பேச்சு முடிந்தது. இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம்.

சஜ்ஜாத்


பிரான்ஸ்
10 மே 2025

அண்ணே,

இந்தக் கடிதத்தைக் கடையில் நின்று படிக்காதே. மாடிக்குப் போ. மதினியும் அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்காக எல்லாக் கோடுகளையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். தைலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர வைத்து எடுத்த கணக்கும் அதில் இருந்தது. இரண்டு கோடு வந்த ஆத்திரத்தில் அதை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. சினியோல் தண்ணீர் உறையும் குளிர் வரை உறையாது. ஆனால் அந்த இன்னொன்று, அந்தச் சோம்பேறி, அதற்கு ரொம்ப முன்னாலேயே நகர்வதை விட்டுவிட்டது. உறைந்து, சுவர் மாதிரி நின்றுவிட்டது. லேசான குளிருக்கே உறைகிற எண்ணெய் எது என்று பட்டியல் தேடினேன். பாதியில் எனக்கே வெட்கமாக இருந்தது. கொடைக்கானலில் பிறந்தவள் இதற்குப் பட்டியல் தேடலாமா? வருடம் முழுக்க நம் வீட்டில் பாட்டிலைக் கவிழ்த்தால் கொட்டாத எண்ணெய் எது? அம்மா அடுப்போரம் வைத்துச் சூடு காட்டி, தலைக்குத் தேய்த்துவிட்டது எது?

மேஜையில் இருந்த அந்தக் காகிதத்தை எடுத்தேன். தைல வாசனை முழுக்கப் பறந்துபோயிருந்தது. கறையை மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

எந்தக் கலப்படக்காரனும் தைலத்தில் தேங்காய் எண்ணெய் ஊற்ற மாட்டான். விலையும் கட்டாது, லாபம் வரும் அளவுக்கு ஊற்றினால் குளிரில் வெள்ளையாகத் திரண்டு காட்டியும் கொடுத்துவிடும். அதை ஊற்றக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சின்னம்மா பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருந்தபோது அம்மா வீட்டு டின்னைத் திறந்து தேங்காய் எண்ணெயை ஊற்றினார். அத்தா பதறிப்போய், "நல்ல தைலத்தக் கெடுத்துட்டியே ரஹ்மத்து" என்றார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பச்சப்புள்ள நெஞ்சு பொத்துப் போகவா? கலக்காம எப்படிப் பூசுறது?" என்றார். குழந்தை இருக்கும் வரை அந்த டின் அப்படியே இருந்தது. சின்னம்மா ஊருக்குப் போனதும் கழுவி வைத்தார்.

அம்மா வேறு எதற்கும் அந்த டின்னில் தேங்காய் எண்ணெய் ஊற்ற மாட்டார்.

அண்ணே, நம் வீட்டில் யாருடைய குழந்தை?

யாருடையது என்று நானே சொல்கிறேன். மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் அலைந்த சோலி. பெருநாளில் வராத நெட். போனில் சத்தம் போடக் கூடாது என்ற உத்தரவு. அழுத டூரிஸ்ட் குழந்தை. நான் இவ்வளவு படித்தவள், இதில் ஒன்றைக்கூட இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்கவில்லை. நியூட்ரான் வந்து சொல்ல வேண்டியிருந்தது. என் அண்ணனுக்குக் குழந்தை பிறந்ததை ஒரு அணு உலை எனக்குச் சொல்கிறது!

எப்படி உங்களுக்கு மனசு வந்தது? நீ என் நாட்களைக் கெடுத்தாய் என்று கத்தினேனே, அதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இரண்டு தடவை கரு போனபோது எனக்குச் சொன்னீர்கள். துக்கத்துக்கு நான் வேண்டும், சந்தோஷத்துக்கு வேண்டாமா? தோல் கொழுப்பை நாங்கள் கன ஹைட்ரஜனால் மறைத்தோம் என்று எழுதினேன். எங்களால்கூட முழுதாக மறைக்க முடியாது, கொஞ்சம் தெரிந்துகொண்டேதான் இருக்கும். நீங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு முழுக் குழந்தையை மறைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு இந்த வேலையைக் கொடுத்திருக்கலாம்.

ஆணா, பெண்ணா? எப்போது பிறந்தது? பெயர் என்ன? எடை எவ்வளவு?

இன்னொன்று, இதை இப்போதே அம்மாவிடம் சொல். கைக்குழந்தைக்குத் தைலம் பூசவே கூடாது. தேங்காய் எண்ணெய் கலந்தாலும் கூடாது. மூச்சு அடைத்துக்கொள்ளும். உங்களை அப்படித்தான் வளர்த்தேன் என்பார். சொல்லட்டும். டின்னை எடுத்துக் கடைக்குக் கீழே வை. இது டெஸ்ட்டின் பெயர் இல்லை என்று மதினியிடம் சொல். பயத்தில் எழுதுகிறேன்.

சாஹிரா


கொடைக்கானல்
12 மே 2025

சாஹிரா,

மாடிக்குப் போய்த்தான் படித்தேன். முதலில் நான் படித்தேன். பிறகு உன் மதினி கேட்டதால் சத்தமாகப் படித்தேன். குழந்தை யாருடையது என்று நீ கேட்ட இடத்தில் அவள் போனை வாங்கி மீதியை அவளே படித்தாள்.

ஆண். ஜாசிம். ஜனவரி கடைசியில், தேதிக்கு ரொம்ப முன்னாலேயே மதுரையில் பிறந்தான். என் உள்ளங்கையில் அடங்கினான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நீ எழுதிக் கொடுத்த டெஸ்ட்டுகளை எடுத்த பிறகுதான் காரணம் தெரிந்து, அதற்கு ஊசி போட்டு, அவன் தங்கினான். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தேன். உனக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

உனக்குக் கோபம் வர எல்லா நியாயமும் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது, அதையும் கேள். மதினி என்னிடம் ஆணை வாங்கிக்கொண்டாள். "இந்தத் தடவ ஒங்க தங்கச்சிக்கு ஒரு வார்த்த போகக் கூடாது. புள்ள கையில தங்குன பெறகு சொல்லிக்கலாம். அல்லா மேல ஆணையாச் சொல்லுங்க" என்றாள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படிக் கேட்கும்போது நான் என்ன செய்ய? பிறந்த பிறகு நாற்பது நாள் கழியட்டும் என்றாள். நாற்பது கழிந்தபோது அவன் ஒரு பூசணிப் பிஞ்சு எடைகூட இல்லை. இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்றாள். அதற்குள் நீ கலப்படக்காரன் என்று ஆரம்பித்துவிட்டாய். அதன் பிறகு எந்த வாயால் சொல்வது?

அம்மாவிடம் தைலம் பற்றிச் சொன்னேன். குதித்தார். "ஒங்க ரெண்டு பேரையும் இத வச்சுத்தானே வளத்தேன், ஒருத்தி பிரான்சு போகல?" என்றார். மதினி எழுந்து போய் டின்னை அவளே எடுத்துக் கீழே கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தாள். மறுநாள் டாக்டரிடம் கேட்டோம். நீ சொன்னதையேதான் சொன்னார். குழந்தை நன்றாக இருக்கிறான், பயப்படாதே.

பிள்ளை வீட்டுக்கு வரும் முன்பே டின்னில் எண்ணெய் ஊற்றி வைத்ததைச் சொல்லக் கூடாதா என்று அம்மாவிடம் கேட்டேன். "நீ பாட்டில் ஊத்துனத எங்கிட்டச் சொன்னியா?" என்றார். என் வீட்டு டின்னில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாமல், பூண்டி வரை போய் ஒரு மனுஷனைத் திட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

நேற்று மறுபடி பூண்டிக்குப் போனேன். மதினியும் வருகிறேன் என்றாள், பனி அதிகம் என்று விட்டுவிட்டுப் போனேன். சேனாதிபதி அண்ணன் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் உள்ளேயிருந்து, "பய என்ன எடை?" என்று குரல் வந்தது. சொன்னேன். "சரி. தைலம் நாளைக்கு லாரியில வரும். நீ வராத. ஒம் மேல கோவம் தீரல" என்றார். நியாயம்தான்.

இப்போது நீ சொல். அறிக்கையில் அத்தா பெயரை என்ன செய்யப் போகிறாய்? முன்பு உத்தரவு போட்டேன். இப்போது கேட்கிறேன்.

சஜ்ஜாத்


பிரான்ஸ்
14 மே 2025

அண்ணே,

அறிக்கையை இன்று கொடுத்துவிட்டேன். அத்தா பெயரை எழுதியிருக்கிறேன். எப்படி என்று படித்துப் பார்:

"மாதிரியில் தேங்காய் எண்ணெய் கலந்திருந்தது. குளிர்விக்கும்போது அது முன்னதாக உறைந்ததும், காகிதக் கறையும் இதை உறுதி செய்கின்றன. இது கலப்படம் அல்ல. இந்தத் தைலம் சம்சுல் ஆலம் தைலக் கடையில் விற்கப்படுவது அல்ல. அந்தக் குடும்பம் தன் கைக்குழந்தைக்காகத் தனியாகக் கலந்து வைத்திருந்தது. ஆய்வாளர் அந்தக் குழந்தையைப் பற்றி அறியாததால் மாதிரி தவறாக வந்தது."

ஒரு வரி பொய் இல்லை. பேராசிரியர் படித்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. "ஆணா, பெண்ணா?" என்று கேட்டார். பையன், ஜாசிம் என்றேன். அந்தப் பெயரை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் ஓடி வெளியே வந்துவிட்டேன்.

கருவியில் மறுபடி நாட்கள் கிடைக்குமா என்று தெரியாது. விண்ணப்பம் போட்டிருக்கிறேன். கிடைத்தால் பூண்டித் தைலம் ஒரு பாட்டில் அனுப்பு. லாரியிலிருந்து இறங்கியதும் நேராக ஊற்று, அம்மா கைக்கு எட்டும் முன்னால். அனுப்பும் முன் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார். இங்கே வந்ததும் நானும் விட்டுப் பார்ப்பேன். இனி உன்னையும் சோதிப்பேன், வருத்தப்படாதே.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. சேனாதிபதி அண்ணன் மாதிரிதான் நானும். மூன்றரை மாதம். அவன் உள்ளங்கையில் அடங்கிய நாள் இனி எனக்கு வராது. அதை யாராலும் திருப்பித் தர முடியாது, நீ ஆணையிட்டாலும் சரி. மதினியிடம் பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன், நீ நடுவில் வராதே. அவள் பாட்டில் இல்லை என்பதை அவளிடமே சொல்ல வேண்டும்.

என் நம்பர் மேல் போட்ட பிளாக்கை எடு. இப்போதே எடு. மாடிக்குப் போய் போனை அவன் பக்கத்தில் வை. அவன் அழுதால், டூரிஸ்ட் குழந்தை என்று சொல்லி வைத்துவிடாதே. அழட்டும். நான் கேட்க வேண்டும்.

சாஹிரா